ராத்திரியில் கான்வாய் கிடையாது: மாயாபந்தர் வீடுகளுக்கு இதயக் குறிப்புகள்

அந்தமானில் எங்கள் ஊர் மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேருக்கு ரோடு வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர். 2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியும் எங்கள் வாயில் அது இன்னும் பிளேர்தான். விடியற்காலையில் பஸ் ஏறினாலும் ரங்கத், கதம்தலா, பாராடாங் தாண்டிப் போய் இறங்கப் பிற்பகல் ஆகிவிடும். ஜாரவா பழங்குடியினரின் காட்டுப் பகுதியில் வண்டிகளைக் குறித்த நேரத்தில் கான்வாயாகத்தான் விடுவார்கள். மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டியைப் படகில் ஏற்றி அக்கரை சேர வேண்டும். இருட்டிய பின் கான்வாய் இல்லை. ஹெலிகாப்டர் என்றால் பகலாக இருக்க வேண்டும், வானமும் மனசு வைக்க வேண்டும்.

ஊரில் டாக்டர் ஆர்.பி. மருத்துவமனை இருக்கிறது. நெஞ்சைப் பிடித்தால் முதலில் ஓட வேண்டிய இடம் அதுதான். மேல் சிகிச்சைக்குப் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனை. அதற்கும் மேலே என்றால் கடல் தாண்டிச் சென்னையோ கொல்கத்தாவோ. இவ்வளவு தூரத்தை வைத்துக்கொண்டு, "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் இருக்க முடியாது. வராமல் தடுக்கிற வேலையில் பெரும்பகுதி நம் அடுப்படியிலும் வாசலிலும்தான் நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் பல வருஷமாகக் கடைப்பிடிப்பதையும், டாக்டர்களிடமும் நர்ஸ் அக்காக்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

1. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்றைக்கே அதன் மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். கணக்குப்படி ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மிக்சர் வழியாக வயிற்றுக்குள் போகும் உப்பு இந்தப் பாக்கெட்டில் இல்லை. அதனால் 60 நாள் வந்தால்தான் சரி. எங்கள் வீட்டில் முதன்முதலாகத் தேதி எழுதியபோது 28-ஆம் நாளே பாக்கெட் காலி. யார் கை உப்புக் கை என்று சண்டை போடாமல், மாதத்துக்கு ஐந்து ஐந்து நாளாகத் தள்ளிக்கொண்டே போனோம். நாக்கு பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும், அவ்வளவுதான்.

உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ரத்தக் குழாயில் அளவு கூடும், அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தை எதிர்த்து இதயம் ராப்பகலாக அடிக்க வேண்டும். இந்துப்பு, கல்லுப்பு, கடல் உப்பு எல்லாமே இந்த விஷயத்தில் ஒரே ஜாதி. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

2. கருவாட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. மழைக்காலத்தில் காய்கறி லாரி வராத நாளில் அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில் மீன் கெடாமல் இருக்க உப்பை வாரிப் போட்டுத்தான் காயவைக்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறையும் அப்படியே செய்யுங்கள். குழம்பில் தனியாக உப்பு போடாதீர்கள். கத்தரிக்காய், முருங்கைக்காய் நிறைய, கருவாடு நாலே துண்டு. வாரத்துக்கு ஒரு நாள் போதும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் அவர் தட்டில் காயை மட்டும் போடுங்கள்.

3. உப்பு குறைந்தால் சாப்பாடு சப்பென்று ஆகிவிடும் என்பவர்களுக்கு நம் தீவிலேயே மருந்து இருக்கிறது. வேலி ஓரத்தில், ஓடைக்கரையில் தானாக வளர்கிற பர்மா தனியா. ரம்பம் போல ஓரம் வெட்டிய நீள இலை. மெயின்லேண்ட் கொத்தமல்லியைவிட மணம் இரண்டு பங்கு தூக்கலாக இருக்கும், கொதித்தாலும் மணம் போகாது. மீன் குழம்பை இறக்கும்போது நாலு இலையைக் கிள்ளிப் போட்டு, அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். உப்பு குறைந்ததை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ரசத்துக்கு மிளகு, பூண்டு. மோருக்கு இஞ்சி, கறிவேப்பிலை. தயிர் சாதத்துக்கு ஊறுகாய்க்குப் பதில் பச்சை மாங்காய்க் கீற்று.

4. ஜெட்டியில் மீன் வாங்கும்போது விலை உயர்ந்த வஞ்சிரத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மூன்றும் இதயத்துக்கு நல்ல கொழுப்பு உள்ள மீன்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பிடலாம், குழம்பாக. நாள்தோறும் எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் நன்மை எண்ணெயிலேயே கரைந்துவிடும். பொரித்த ருசி வேண்டுமென்றால் மசாலா தடவி, வாழையிலையில் மடித்து, தோசைக்கல்லில் மூடி போட்டு வேகவையுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். இலை கருகிய மணமே தனி ருசி கொடுக்கும்.

5. எண்ணெய்க்கும் உப்புக் கணக்குதான்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேருக்கு 2 லிட்டர். மாதத் தொடக்கத்திலேயே அளந்து தனி பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டால் கை தானாகச் சுருங்கும். தேங்காய் நம் தீவின் சோறு. சட்னியும் துருவலும் அளவாக இருக்கட்டும். ஆனால் தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. எல்லாச் சமையலுக்கும் அது ஒன்றையே ஊற்றாமல் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். வடை சுட்ட எண்ணெயை மறுநாள் மறுபடி காயவைக்காதீர்கள். மிஞ்சாத அளவுக்குச் சின்ன வாணலியில் ஊற்றுவதுதான் வழி.

6. கீரைக்கு மெயின்லேண்ட் கப்பலை எதிர்பார்க்க வேண்டாம். கொடிப்பசலை, வள்ளைக்கீரை, முருங்கை மூன்றும் இங்கே வேலியிலும் வாய்க்காலிலும் வளரும். வங்காளிக் கடையில் புய் சாக், கல்மி சாக் என்று கேட்டால் இந்தப் பசலையையும் வள்ளையையும்தான் கொடுப்பார்கள். கீரையில் உள்ள பொட்டாசியம் உப்பின் வேகத்தைத் தணிக்கும். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பாகம் சோறு, கால் பாகம் பருப்போ மீனோ. சோற்று மலை நடுவே குழம்புக் குளம் வெட்டுகிற பழக்கத்தைப் பிள்ளைகளிடமிருந்தாவது மாற்றுங்கள்.

7. இனிப் பாக்கு. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். நம் தீவில் வீட்டுக்கு வீடு பாக்கு மரம். வெற்றிலைத் தட்டு நீட்டாவிட்டால் மரியாதைக் குறைவு. அந்த வெற்றிலைக்குள் ஜர்தா, சுக்கா என்று புகையிலை எப்போது நுழைந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அந்தமான் ஆண்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாக வந்தது. பெண்களும் விலக்கு இல்லை. எங்கள் தெருவிலேயே நாலு அக்காமார் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்கள்.

"நான் பீடி குடிப்பதில்லையே, மெல்லத்தானே செய்கிறேன்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்னத்தில் அடக்கினாலும் நிக்கோடின் ரத்தத்தில் ஏறும்; இதயம் வேகமாக அடிக்கும், குழாய் சுருங்கும், பி.பி. ஏறும். வாய்ப்புற்று பயம் தனி. பீடி, சிகரெட் குடிக்கிறவர்கள் நிறுத்தினால் ஒரு வருஷத்திலேயே மாரடைப்பு வருவதற்கான ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மாத்திரை இல்லாமல், செலவில்லாமல் இவ்வளவு பலன் தருவது எனக்குத் தெரிந்து வேறொன்றுமில்லை.

நிறுத்த நினைப்பவர்கள் முதல் வேலையாக வெற்றிலைச் செல்லப்பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அதே இடத்தில் கிராம்பு, ஏலக்காய், சோம்பு, உலர்ந்த நெல்லிக்காய். ஆசை வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிஷம் தள்ளிவிட்டால் அலை இறங்கிவிடும். முதல் வாரம் கோபம் வரும், தூக்கம் கெடும். வீட்டில் உள்ளவர்கள் அந்த ஒரு வாரம் பொறுத்துப் போங்கள். புகையிலையை விட உதவும் அரசு இலவச எண் 1800-11-2356. எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள்.

8. நடைக்கு நம் ஊரில் நேரம் வேறு. நமக்கும் சென்னைக்கும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன் ஒன்றல்ல. கோடையில் 5 மணிக்கெல்லாம் வெளுத்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணி தாண்டினால் இருட்டு. "ஆபீஸ் விட்டு வந்து நடக்கிறேன்" என்றால் நடக்கவே மாட்டீர்கள். காலை 5.30-க்கு எழுந்தால் குளிர்ந்த காற்று, காலியான ரோடு, பறவைச் சத்தம். ஜெட்டிப் பக்கம் இறங்கிவிட்டு ஏறி வந்தால் போதும், மேட்டு ரோடே நல்ல பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள் அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். ஏற்கெனவே நெஞ்சில் இறுக்கம் வருகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு மேடு ஏறுங்கள்.

மே மாதத்தில் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். அதைக் காரணம் சொன்னால் வருஷத்தில் பாதி போய்விடும். தாழ்வாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடங்கள். நாங்கள் ஒரு கிண்ணத்தில் 50 புளியங்கொட்டை போட்டு வைத்திருக்கிறோம். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை அடுத்த கிண்ணத்துக்கு மாறும். பேரப்பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, அவர்களும் கூடவே நடக்கிறார்கள்.

9. பி.பி. பார்க்கும் மெஷின் வீட்டில் இருந்தால் நல்லது. மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல் கையில் கட்டுவது நம்பகம். ஆனால் பார்க்கிற விதம் தப்பாக இருந்தால் எண்ணும் தப்பாகத்தான் வரும். டீ குடித்து, வெற்றிலை போட்டு, படியேறி வந்த மூச்சோடு பார்க்கக்கூடாது. இதெல்லாம் முடிந்து அரை மணி ஆக வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் இரண்டும் தரையில் பதிய, 5 நிமிஷம் சும்மா உட்காருங்கள். கையை மேஜை மேல், நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். பட்டையை வெறும் கையில் கட்டுங்கள், சட்டைக்கு மேல் அல்ல. மெஷின் ஓடும்போது பேச்சு வேண்டாம். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு முறை.

காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் சாப்பாட்டுக்கு முன் என்று ஒரு வாரம் எழுதி, அந்தத் தாளை டாக்டரிடம் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் 140/90, வீட்டில் 135/85. இதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் சும்மா இருக்கக்கூடாது. தலைவலி, மயக்கம் இல்லையே என்று நம்பாதீர்கள். பி.பி. பெரும்பாலும் சத்தமே போடாது.

10. மாத்திரை டப்பாவில் எப்போதும் இரண்டு வாரத்துக்கான மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். புயல் அறிவிப்பு, மண் சரிவு, கப்பல் தாமதம், ஏதாவது ஒன்று வருஷத்தில் நாலு தடவை நம்மை மடக்கும். ஒரு அட்டை தீர்ந்ததும் அடுத்த அட்டை வாங்குவது மெயின்லேண்ட் பழக்கம். நாம் இரண்டாவது அட்டையைத் தொடங்கும்போதே மூன்றாவதை வாங்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் மாத்திரை நமுத்துப்போகும். அட்டையிலிருந்து பிரித்துக் கொட்டி வைக்காமல், இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். பஸ்ஸில் பிளேர் போகும்போது மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். மேலே கட்டும் பெட்டியில் வேண்டாம்.

பி.பி. சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட விடக்கூடாது.

11. மூட்டு வலி, முதுகு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பல, பி.பி.யை ஏற்றும், இதயம், சிறுநீரகம் இரண்டையும் சிரமப்படுத்தும். இதய நோயாளி வீட்டில் இவை டாக்டர் சீட்டு இல்லாமல் நுழையக்கூடாது.

12. டீயை விடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பன்னிரண்டு ஸ்பூன். முதல் வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த வாரம் ஒன்று. இளநீர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது பிள்ளைகளுக்குப் பாட்டில் பானம் எதற்கு?

13. தூக்கம் 7 மணி நேரம். பெரிதாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவர்களைச் சிரித்துவிட்டு விடாதீர்கள், அது பி.பி.யையும் இதயத்தையும் கெடுக்கும் நோய், சிகிச்சை உண்டு. குடிக்கிறவர்கள் குறைக்கிற ஒவ்வொரு கிளாஸும் இதயத்துக்கு லாபம்.

14. செப்டம்பர் 29 உலக இதய நாள். அந்த வாரத்தை வீட்டின் பரிசோதனை வாரமாக வைத்துக்கொண்டால் மறக்காது. 30 வயது தாண்டிய எல்லாருக்கும் பி.பி., வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு. தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, இதற்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் கேட்காமலே சொல்லுங்கள்.

15. நெஞ்சு இறுக்கத்தை வாயு என்று நினைக்காதீர்கள். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. என் மாமனாருக்கு ஒரு மழைக்கால இரவு 8 மணிக்கு நெஞ்சில் பாரம், உடம்பெல்லாம் வியர்வை. நாங்கள் சோடா கொடுத்தோம், ஓமத் தண்ணீர் கொடுத்தோம், முதுகைத் தடவிவிட்டோம். "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார். விடிந்து இ.சி.ஜி. எடுத்தபோது இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன் பிறகு இருந்த ஆறு வருஷமும் கிணற்றடியிலிருந்து வாசல் வரை வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ தூரம்.

அடைத்த குழாயில் உறைந்த ரத்தத்தைக் கரைக்க ஊசி உண்டு. முதல் சில மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன்; 12 மணி நேரம் தாண்டினால் அதனால் பயன் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டம் தொடங்கி, மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம் வரை கொண்டுபோய் வைத்ததற்குக் காரணமும் இந்த நேரக் கணக்குதான். பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தாலும் முதல் சிகிச்சை பக்கத்தில் தொடங்க வேண்டும்.

நெஞ்சு நடுவில் பாரம், இறுக்கம். இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி. குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல். இதில் எது வந்தாலும் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள், அவரையே ஸ்கூட்டர் ஓட்ட விடாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு ஒருவர் போன் செய்யும்போதே இன்னொருவர் வாசலில் டார்ச் அடித்து நிற்கட்டும். ஆஸ்பிரின் மென்று சாப்பிடலாமா என்பதை போனில் டாக்டரிடமோ ஆம்புலன்ஸ்காரரிடமோ கேட்டுச் செய்யுங்கள்; ஒவ்வாமையோ வயிற்றுப் புண்ணோ ரத்தக்கசிவோ இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் "நெஞ்சுவலி, இ.சி.ஜி. எடுங்கள்" என்று சத்தமாகச் சொல்லுங்கள், வந்த 10 நிமிஷத்துக்குள் அது எடுக்கப்பட வேண்டும்.

ஆள் சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். கை சலித்தால் ஆளை மாற்றுங்கள்.

16. பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். திடீர்க் களைப்பு, குமட்டல், முதுகு நடுவில் பிடிப்பு, படுத்தால் மூச்சு முட்டல். நம் பெண்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். "சோறு வடிச்சிட்டு வரேன்" என்பார்கள். பிள்ளைகளே, அம்மா வழக்கத்துக்கு மாறாகச் சுவரைப் பிடித்து நின்றால் அடுப்பை நீங்கள் அணையுங்கள்.

17. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் உறை. பழைய இ.சி.ஜி. ஒன்று, சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, ஆதார் நகல், மருத்துவமனை எண், ஆம்புலன்ஸ் எண், ராத்திரியில் வண்டி எடுக்கக்கூடிய பக்கத்து வீட்டுத் தம்பியின் எண். பழைய இ.சி.ஜி. இருந்தால் புது மாற்றம் எது என்று டாக்டருக்கு உடனே பிடிபடும். மேல் சிகிச்சைக்குப் பிளேர் அனுப்பினால் அந்த உறையும் கூடவே போகும். பீரோவுக்குள் பூட்டாதீர்கள். எங்கள் வீட்டில் வாசல் கதவுக்குப் பின்னால், குடை மாட்டும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது; கரண்ட் போன இருட்டிலும் கை நீட்டினால் அகப்படும்.